அரை மணி நேரமும் மூன்று ஆண்டுகளும்

எங்கள் ஒவ்வாமைப் பிரிவில் ஊசி அறைக்கு வெளியே நீண்ட மரப் பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் எதிரே சுவரில் ஒரு கடிகாரம் மாட்டப்பட்டுள்ளது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் அமர்ந்திருந்த பின்னரே வீடு திரும்ப வேண்டும் என்பது எங்கள் விதி. "ஊசிதான் போட்டாச்சே சிஸ்டர், கிளம்பட்டுமா? பஸ் போயிடும்" என்ற கேள்வியை எங்கள் செவிலியர் கேளாத நாளில்லை. கேட்பவர்மீது எங்களுக்கு வருத்தமும் இல்லை. அரை நாள் கூலியை இழந்து வந்தவர் அந்தப் பெஞ்சில் இருப்பார். பள்ளி விடுவதற்குள் வீட்டை அடைய வேண்டிய தாய் இருப்பார்.

மருத்துவரின் அறைக்குள் இன்னொரு கேள்வி எழும். "இன்னும் எத்தனை நாள் டாக்டர் இந்த ஊசி?" மூன்று ஆண்டுகள் என்ற விடையைக் கேட்டதும் பலருடைய முகம் வாடிவிடுகிறது.

ஒவ்வாமைக்கான இம்யூனோதெரபி, அதாவது மக்கள் வழக்கில் 'அலர்ஜி ஊசி' எனப்படும் சிகிச்சை, நோயாளியிடம் கேட்பது பணத்தையும் துணிவையும் விட அதிகமாகக் காலத்தைத்தான். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். மொத்தத்தில் மூன்று ஆண்டுகள். இவ்விரண்டில் எதைக் குறைத்தாலும் சிகிச்சை சிதைகிறது. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகிறது. அது ஏன் என்பதைச் சிகிச்சையைத் தொடங்கும் முன்பே நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

ஒவ்வாமை என்பது யாது?

எல்லோரும் மூச்சில் இழுக்கும் அதே தூசியைத்தான் ஒவ்வாமை உள்ளவரும் இழுக்கிறார். பிறருடைய உடல் அதைப் பொருட்படுத்துவதில்லை. இவருடைய உடலோ அதைப் பகையாகக் கருதி விடுகிறது. இவ்வாறு மாறுபட்டு வினைபுரியும் இயல்புக்கு 1906ஆம் ஆண்டு ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்று பெயரிட்டார்.

அந்த வினையின் கருவி எது என்பது அறுபது ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் ஆகியோரும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைத் தனித்தனியே கண்டறிந்தனர். ஒவ்வாமை உள்ளவரின் மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்கள்மீது இந்த ஐ.ஜி.இ. ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தூசியோ மகரந்தமோ வந்து அதைத் தொட்டவுடன் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. நுரையீரலில் நேர்ந்தால் இளைப்பு.

நாம் விழுங்கும் செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கின்றன. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் அழற்சியைத் தணிக்கின்றன. இவை நல்ல மருந்துகள். பெரும்பாலோர்க்கு இவையே போதும். ஆனால் இவற்றை நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ நோய் மீண்டும் தலைதூக்கும். ஏனெனில், தூசியைப் பகையாகக் காணும் உடலின் பழக்கத்தை இவை மாற்றுவதில்லை. அப்பழக்கத்தையே மாற்ற முயல்வதுதான் இம்யூனோதெரபி.

நூறாண்டு கடந்த ஊசி

இது புதிய சிகிச்சை அன்று. 1911ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர், புல் பூக்கும் பருவத்தில் தும்மலால் அவதியுற்றவர்களுக்குப் புல் மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் தோலின் கீழ் செலுத்தினார். படிப்படியாக அளவைக் கூட்டினார். நோயாளியின் கண்ணில் அதே சாற்றை ஒரு சொட்டு விட்டு, எந்த அடர்த்தியில் கண் சிவக்கிறது என்று அளந்தார். ஊசிகள் தொடரத் தொடர, கண் சிவப்பதற்கு முன்னைவிட அடர்ந்த சாறு தேவைப்பட்டது. உடல் மகரந்தத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தது. 1913இல் நூன் காசநோயால் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய பணியை ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார்.

மகரந்தத்தில் ஒரு நச்சு இருப்பதாகவும், ஊசி அந்நச்சுக்கு மாற்றை உண்டாக்குவதாகவும் நூன் எண்ணினார். அவ்விளக்கம் பிழை என்பது பின்னாளில் தெரிந்தது. ஆயினும் அவர் கைக்கொண்ட முறை இன்றும் நிலைத்து நிற்கிறது. சிறு அளவில் தொடங்கிச் சீராகக் கூட்டிச் செல்லும்போது, நோயெதிர்ப்பை அடக்கியாளும் டி செல்கள் பெருகுகின்றன, ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்பொருள் உருவாகி, தூசி ஐ.ஜி.இ.யை அடையும் முன்பே அதை மறித்துக்கொள்கிறது; ஐ.ஜி.இ.யின் அளவும் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் குறைகிறது. இம்மாற்றங்கள் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. மூன்று ஆண்டுகள் தேவைப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் தலையணையில் வாழ்வது

இங்கிலாந்தில் புல் மகரந்தம் முதன்மைப் பகை என்றால், ஈரக்காற்று வீசும் நம் கடலோர மாவட்டங்களில் அந்த இடத்தைப் பெறுவது வீட்டுத் தூசி உண்ணி. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இச்சிற்றுயிர், நம் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு, மெத்தையிலும் தலையணையிலும் துணி சுற்றிய இருக்கைகளிலும் வாழ்கிறது. இதற்குக் குடிக்க நீர் தேவையில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இவ்வுயிரே காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் ஃபோர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் வெளிப்படுத்தினர். ஒவ்வாமையை உண்டாக்குவதில் உண்ணியின் எச்சத்தில் உள்ள புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

படுக்கையை விட்டு எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல், வீடு பெருக்கும்போது மூக்கடைப்பு, பரணில் இருந்த பழைய பாயை உதறியதும் இளைப்பு என்று ஒருவர் சொல்லும்போது, எங்கள் ஐயம் முதலில் தூசி உண்ணியின் மீதே விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் காயாத நாள்களில் இத்தொல்லை மிகுவதைப் பலர் தாமாகவே கவனித்திருப்பார்கள். கரப்பான் பூச்சி, சீமைக்கருவேலத்தின் மகரந்தம், பார்த்தீனியச் செடி, பூனை, நாய் ஆகியவையும் நம் பகுதியில் ஒவ்வாமைக்குக் காரணமாகின்றன.

யாருக்கு உகந்தது, யாருக்கு ஆகாது?

தும்மல் உள்ள எல்லோருக்கும் இந்த ஊசியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும். முதலாவது, ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சியோ கண் அழற்சியோ கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவோ இருத்தல். இரண்டாவது, எந்தப் பொருள் காரணம் என்பது சோதனையாலும் நோயாளியின் அனுபவத்தாலும் ஒருசேர உறுதிப்படுதல். மூன்றாவது, மருந்துகளை முறையாகப் பயன்படுத்தியும் தொல்லை நீடித்தல், அல்லது அம்மருந்துகளை நோயாளி ஏற்க இயலாதிருத்தல். தேனீ, குளவி கொட்டி மயங்கி விழுந்தவர்களுக்கு அந்த நஞ்சைக் கொண்டே அளிக்கப்படும் இம்யூனோதெரபி மிகச் சிறந்த பலன் தருவது; எனினும் அது எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

நாள்பட்ட தடிப்பு நோய்க்கும் மருந்துகளால் வரும் ஒவ்வாமைக்கும் இந்த ஊசி பயன்படாது. உணவு ஒவ்வாமைக்கும் இந்த ஊசி வழக்கத்தில் இல்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிறார்க்கு வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கடலைப் புரதம் கொடுக்கும் முறைக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது உண்மையே. ஆனால் அதைக் கேள்வியுற்று வீட்டில் தாமே முயல்வது கொடிய விளைவைத் தரும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆஸ்துமா கட்டுக்கடங்காமல் இருப்பவர்க்கு ஊசி தொடங்கக்கூடாது. இதய நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்க்கு, ஆபத்து நேரத்தில் உயிர் காக்கும் அட்ரினலின் மருந்து சரிவர வேலை செய்யாமல் போகலாம். கண் நீர் அழுத்த நோய்க்கான சில சொட்டு மருந்துகளும் இதே வகையைச் சேர்ந்தவை. 'கண்ணுக்குத்தானே' என்று அவற்றைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். புற்றுநோயும், உடலே தன்னைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களும் முனைப்பாக இருப்பவர்க்கு இச்சிகிச்சையைப் பொதுவாகத் தவிர்க்கிறோம். கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே நிலையான அளவை எட்டி நன்றாக ஏற்றுக்கொண்டவர் கருவுற்றால், மருத்துவருடன் கலந்து தொடரலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மிகுந்த யோசனைக்குப் பின்னரே முடிவெடுக்கிறோம்; தன் உடலில் நேர்வதை அவர்களால் தெளிவாகச் சொல்ல இயலாது என்பதே முதன்மைக் காரணம்.

சோதனை நாள்

முன்கையில் பல்வேறு சாறுகளை ஒவ்வொரு சொட்டாக இட்டு, நுண்ணிய முனையால் தோலை இலேசாகக் குத்துவதே தோல் குத்துச் சோதனை. இரத்தம் வராது, கொசு கடித்த அளவே உணர்வு இருக்கும். பதினைந்து முதல் இருபது நிமிடங்களில் தடிப்புத் தோன்றுகிறதா என்று அளக்கிறோம். வெறும் உப்புக் கரைசல் இட்ட இடத்தைக் காட்டிலும் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிப்பு இருந்தால் அது நேர்மறை. சளி, தும்மல் மாத்திரைகள் இச்சோதனையைப் பொய்யாக்கிவிடும் என்பதால், எத்தனை நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருகிறோம். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோதனையில் தடிப்பு வந்த பொருள்கள் எல்லாம் நோய்க்குக் காரணம் என்று கொள்வது பெரும் பிழை. தடிப்பு இருந்தும் தொல்லை இல்லாதவர் பலர் உள்ளனர். எங்கோ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, கத்தரிக்காய், முட்டை, பால், கோதுமை என நீண்ட பட்டியலைக் கையில் ஏந்தி, பல மாதங்களாகப் பாதி உணவை விலக்கி மெலிந்து வரும் குழந்தைகளைக் காண்கிறோம். குறிப்பாக, உணவுக்கான ஐ.ஜி.ஜி. பரிசோதனைகள் ஒவ்வாமையைக் கண்டறிய உதவுவதில்லை. அவ்வெதிர்ப்பொருள் நாம் அவ்வுணவை உண்டிருக்கிறோம் என்பதையே காட்டுகிறது. பட்டியலை நம்பிக் குழந்தையின் தட்டைக் காலியாக்கும் முன் ஒருமுறை மருத்துவரைக் கேளுங்கள்.

சிகிச்சை நடைபெறும் முறை

ஊசி மேற்கையின் பின்புறத்தில் தோலுக்குக் கீழே, சிறிய ஊசியால் போடப்படுகிறது. முதல் கட்டத்தில் வாரம் ஒருமுறை, அளவு சிறிது சிறிதாகக் கூட்டப்படும். இக்கட்டம் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் நீளும். நிலையான அளவை எட்டிய பின்னர், ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். இவ்வாறு குறைந்தது மூன்று ஆண்டுகள், சிலருக்கு ஐந்து.

ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் வீக்கமும் அரிப்பும் வருவது வழக்கம். குளிர்ந்த ஒத்தடம் போதும். வீக்கம் மிகுந்தாலோ மறுநாள் வரை நீடித்தாலோ அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஊசி போட்ட நாளில் சில மணி நேரத்துக்குக் கடும் உடற்பயிற்சியும் ஓட்டமும் வேண்டாம். காய்ச்சலோ இளைப்போ இருந்தால் அன்று ஊசி இல்லை. சொல்லாமல் மறைத்துப் போட்டுக்கொள்வதால் ஒரு வாரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம்.

மருந்துக் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும், வெயிலில் இருந்தாலும் கெட்டுவிடும். வெளியூரிலிருந்து வருவோர், பனிக்கட்டிப் பையோடு கூடிய பெட்டியில், குப்பி பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதபடி கொண்டு செல்லுங்கள். மின்வெட்டு நீண்ட நேரம் நிலைத்திருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள்.

அந்த அரை மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே பதிவுசெய்ய வேண்டும். முப்பது வயதை ஒட்டிய பெண்மணி ஒருவர், தூசி ஒவ்வாமைக்காக வாரந்தோறும் ஊசி போட்டு வந்தார். ஒன்பது ஊசிகளும் எவ்விதத் தொல்லையும் இன்றி நடந்தேறின. பத்தாவது ஊசியன்று, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று சொல்லிப் பத்து நிமிடத்திலேயே புறப்பட எழுந்தார். "இத்தனை வாரமா ஒண்ணும் ஆகலையே சிஸ்டர்" என்றார். எங்கள் மூத்த செவிலியர், "இன்னும் இருபது நிமிஷந்தானேம்மா, உக்காருங்க. ஸ்கூலுக்கு நான் போன் போட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அமர வைத்தார்.

பதினெட்டாவது நிமிடத்தில் அப்பெண்மணி, "சிஸ்டர், உள்ளங்கை மட்டும் அரிக்குது. வேற ஒண்ணும் இல்ல" என்றார். செவிலியர் மறுபேச்சின்றி அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, மருத்துவரை அழைத்தார். அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழுந்தன, குரல் கம்மியது, இளைப்புத் தொடங்கியது, இரத்த அழுத்தம் சரிந்தது. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடப்பட்டது. ஆக்சிஜனும் நரம்பு வழியே திரவமும் செலுத்தப்பட்டன. கால் மணி நேரத்தில் அழுத்தம் சீரடைந்தது. அன்று இரவு முழுவதும் அவரைக் கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

அவர் அந்தப் பத்தாவது நிமிடத்தில் புறப்பட்டிருந்தால், உள்ளங்கை அரித்த நேரத்தில் ஓடும் பேருந்தில் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு நேர்ந்தது இன்னதென்று அங்கே அறிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் விசாரித்தபோது, முந்தைய இரவு தமக்கு இளைப்பு வந்து இன்ஹேலர் எடுத்துக்கொண்டதாக அவர் தெரிவித்தார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் நாங்களும் கேட்கவில்லை. அந்நாள் வரை, "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டுமே கேட்டு ஊசி போட்டு வந்தோம். அவரும் "நல்லா இருக்கேன்" என்றே விடையளித்தார். குறை எங்கள் கேள்வியில் இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு ஊசிக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்: கடந்த ஊசிக்குப் பின் ஏதேனும் தொல்லை வந்ததா? கடந்த ஒரு வாரத்தில் இளைப்போ இருமலோ காய்ச்சலோ உண்டா? புதிய மாத்திரையோ சொட்டு மருந்தோ தொடங்கினீர்களா? கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா? ஆஸ்துமா உள்ளவர்களை, மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியில் ஊதச் சொல்கிறோம். அளவு குறைந்திருந்தால் அன்று ஊசியைத் தள்ளி வைக்கிறோம்.

இத்தகைய கடும் எதிர்வினைகள் அரியவையே. அமெரிக்காவில் திரட்டப்பட்ட கணக்குகளின்படி, ஆயிரம் முறை ஊசி போட வருகையில் ஏறத்தாழ ஒருமுறை உடல் முழுவதும் பரவும் எதிர்வினை நேர்கிறது. அவற்றிலும் பெரும்பாலானவை இலேசானவை. ஆயினும் வரலாறு தரும் எச்சரிக்கையை மறத்தல் கூடாது. 1957 முதல் இத்தகைய ஊசிகளால் 26 பேர் இறந்ததை 1986ஆம் ஆண்டு பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு சுட்டிக்காட்டியது. உயிர் மீட்பு வசதி உள்ள இடத்தில் மட்டுமே இச்சிகிச்சையை அளிக்க வேண்டும் என்றும், ஊசிக்குப் பின் இரண்டு மணி நேரம் நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்றும் அக்குழு வலியுறுத்தியது. பின்னர்ச் சேர்ந்த அனுபவத்தால், கடும் எதிர்வினைகளில் பெரும்பாலானவை முதல் முப்பது நிமிடங்களுக்குள் தொடங்குகின்றன என்பது தெளிவாயிற்று. பெஞ்சுக்கு எதிரே உள்ள எங்கள் கடிகாரம் அளப்பது அந்த முப்பது நிமிடங்களைத்தான்.

பெரும்பாலானவை என்று சொன்னோம், எல்லாம் அல்ல. வீடு திரும்பிய பின்னரும் உள்ளங்கை அரிப்பு, உடலெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், குரல் மாற்றம், இளைப்பு, தலைசுற்றல், அடுத்தடுத்த வாந்தி, காரணமற்ற பேரச்சம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அலர்ஜி ஊசி போட்டுக்கொண்டதை அங்கே முதலில் சொல்லுங்கள். இக்காரணத்தால்தான் இந்த ஊசியை வீட்டிலோ அட்ரினலின் இல்லாத சிறு மருந்தகத்திலோ போட்டுக்கொள்ளக்கூடாது என்கிறோம்.

அப்பெண்மணி இரண்டு வாரங்கள் கழித்துக் கணவருடன் வந்தார். தொடர்வதா, நிறுத்துவதா என்பதை இருவருடனும் அமர்ந்து பேசினோம். ஆஸ்துமாவை முதலில் கட்டுக்குள் கொணர்ந்து, ஊசியின் அளவை வெகுவாகக் குறைத்து மீண்டும் தொடங்குவது என்று முடிவாயிற்று. மூன்று ஆண்டுகளையும் அவர் நிறைவு செய்தார். புதிதாக வருவோர் எவரேனும் பெஞ்சிலிருந்து முன்னதாக எழுந்தால், எங்கள் செவிலியர் சொல்லும் முன்பே அவர் சொல்லிவிடுவார்: "உக்காருங்க, நான் சொல்றேன்."

இரண்டாம் ஆண்டின் மயக்கம்

சிகிச்சை பலன் தரத் தொடங்கும் காலமே அது கைவிடப்படும் காலமாகவும் இருக்கிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தும்மல் அடங்கும். மாத்திரை தேடும் நாள்கள் குறையும். 'சரியாகிவிட்டதே, இனி எதற்கு?' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வாறு நின்றுபோய், அடுத்த மழைக்காலத்தில் பழைய தும்மலோடு திரும்பி வருவோரை நாங்கள் ஆண்டுதோறும் சந்திக்கிறோம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. இலண்டனில் நடைபெற்று 1999இல் வெளியான ஆய்வொன்றில், புல் மகரந்தத்துக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அதை நிறுத்தி வெறும் கரைசலைச் செலுத்தினர். மேலும் மூன்று ஆண்டுகள் சென்ற பின்னரும் அவர்களுடைய நலம் நீடித்தது. அதே இலண்டனில் நடைபெற்று 2017இல் வெளியான வேறோர் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் மட்டுமே சிகிச்சை அளித்து நிறுத்தினர். சிகிச்சை நடந்தபோது கண்ட பலன், நிறுத்தி ஓராண்டு சென்றதும் போலி மருந்து பெற்றோரிடமிருந்து வேறுபடாத அளவுக்கு மங்கிப்போயிற்று. மூன்றாம் ஆண்டு என்பது மருத்துவர் வீணே நீட்டிக்கும் ஆண்டு அன்று. முதல் இரண்டு ஆண்டுகளின் உழைப்பை நிலைபெறச் செய்யும் ஆண்டு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இச்சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. நோயை அடியோடு ஒழிப்பதாகவும் நாங்கள் வாக்களிப்பதில்லை. தொல்லை குறைதல், மருந்தின் தேவை குறைதல் இவையே நாம் எதிர்பார்க்க வேண்டியவை. நிலையான அளவில் ஓராண்டு முழுமையாகப் போட்டும் சிறிதும் பலன் இல்லை என்றால், தொடர்வதில் பொருளில்லை. அந்நிலையில் நிறுத்தலாமா என்று நீங்களே எங்களைக் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

நாக்கின் அடியில் இடும் மருந்து

ஊசிக்கு மாற்றாக, நாக்கின் அடியில் சொட்டாகவோ மாத்திரையாகவோ இடும் முறையும் வழக்கில் உள்ளது. கடும் எதிர்வினை நேரும் வாய்ப்பு ஊசியைவிட இதில் குறைவு. முதல் வேளை மருந்தை மருத்துவமனையில் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால், பின்னர் வீட்டிலேயே தொடரலாம். தொடக்க வாரங்களில் வாயிலும் காதிலும் அரிப்பு வரலாம். பெரும்பாலும் தானே தணியும். வாயில் புண் இருந்தாலோ பல் பிடுங்கியிருந்தாலோ சில நாள்கள் நிறுத்தி வைக்க வேண்டும். நாள்தோறும் மறவாமல் எடுத்துக்கொள்வது இம்முறையின் கடினமான பகுதி. இதற்கும் மூன்று ஆண்டுகள் தேவை. எல்லாப் பொருள்களுக்கும் தரமான மாத்திரைகள் கிடைப்பதில்லை என்பதால், எது பொருந்தும் என்பதைக் கலந்து பேசித் தீர்மானிப்போம்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

ஊசி தொடரும் காலத்திலும் வீட்டில் தூசியைக் குறைப்பது நோயாளிக்கு உதவும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, கை பொறுக்காத சூடுள்ள, அதாவது ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையை இயன்றால் மாற்றுங்கள். இயலாவிடில் நெருக்கமான நெசவுள்ள உறையால் முழுவதும் மூடித் தையுங்கள் அல்லது ஜிப் இடுங்கள். நல்ல வெயிலில் காய வைப்பது ஈரத்தைப் போக்கும். ஆனால் அதை உதறும் பணியை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நன்று. வீட்டினுள் புகைபிடிப்பதையும் கொசுவர்த்தி, ஊதுவத்தி ஏற்றுவதையும் தவிருங்கள். அவை ஒவ்வாமைக்குக் காரணம் அல்ல என்றாலும் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயை மேலும் வருத்துகின்றன.

ஊசி அட்டையை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். அடுத்த தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். தேதி தவறிவிட்டால், அடுத்த முறை வரும்போது பழைய அளவையே போடச் சொல்லாதீர்கள்; இடைவெளிக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். பிற மருத்துவர்களைப் பார்க்கச் செல்லும்போது அந்த அட்டையைக் காட்டுங்கள். வெளிநாட்டுக்கோ வேற்றூருக்கோ குடிபெயர நேர்ந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். தொடர்வதற்கான குறிப்புகளை எழுதித் தருவோம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். அடுத்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வாழ்வில் என்னென்ன வர இருக்கின்றன என்று குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள்: மகனின் பொதுத்தேர்வு, மகளின் திருமணம், பணியிட மாற்றம், பிள்ளைப்பேறு. இவற்றுக்கு நடுவே மாதம் ஒருமுறை வர இயலுமா என்பதைப் பாருங்கள். இயலாது எனில், மாத்திரையும் ஸ்பிரேயும் கொண்டே நன்றாக வாழ வழியுண்டு. அதில் தோல்வி ஏதும் இல்லை. இயலும் எனில், வாருங்கள். வரும் நாளில் கையில் படிக்க ஏதேனும் கொண்டு வாருங்கள். அந்தப் பெஞ்சில் உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது.